தாய் இல்லாத பெண்ணுக்குத் தங்கப் பதக்கம்!

1994-ம் ஆண்டு, பிப்ரவரி 25-ந் தேதி, இரவு.

நார்வே நாட்டில் ஹமார் என்று ஓர் ஊர். தலைநகரமான ஓஸ்லோவுக்கு வடக்கே, ஒரு பெரிய ஏரிக் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு பிரம்மாண்டமான மண்டபம். மண்டபத்தின் நடுவே, கண்ணாடியைப் போலப் பளபளக்கும் பனிக்கட்டித் தரை. சுற்றிலும் ஆயிரக் கணக்கான மக்கள்.

ரோஜா நிற உடை அணிந்த ஒரு பெண், அந்தத் தரையின் நடுவே வந்து நின்றாள். கொடி போன்ற உடல். முகத்தில் புன்சிரிப்பு. வயது 16.

அவளுடைய வலது காலில் மூன்று தையல் போடப்பட்டு இருந்தது. முதுகில் தாங்க முடியாத வலி. வலி தெரியாமல் இருக்க, இரண்டு ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கூட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் தாயும் தன் மகளுக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டு இருந்தாள். ஆனால் இந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொள்ளத் தாய் இல்லை. அவள் இறந்து, இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது.

இசை ஒலித்தது. அவள் ஆடத் தொடங்கினாள்.

நான்கு நிமிடம்தான். அந்த நான்கு நிமிடம், அவளுடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

அவள் பெயர் ஒக்சானா பயூல்.

பனி மேல் நடனம்

நம் ஊரில் மேடையில் நடனம் ஆடுகிறார்கள். குளிர் நாடுகளில் பனிக்கட்டி மீதே நடனம் ஆடுகிறார்கள்.

ஆடுகிறவர் காலில் பூட்ஸ் இருக்கும். பூட்ஸின் அடியில் நீளமான எஃகுக் கத்தி ஒன்று பதித்து இருக்கும். கத்தியின் கனம் ஏறக்குறைய 4 மில்லி மீட்டர்தான். அந்தக் கத்தியின் விளிம்பில் நின்றுகொண்டுதான் ஓட வேண்டும். சுழல வேண்டும். துள்ள வேண்டும்.

துள்ளுவது என்றால், சாதாரணத் துள்ளல் அல்ல. அந்தரத்தில் எழும்பி, பம்பரம் போல மூன்று முறை சுற்றி, மறுபடியும் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்! இறங்கும்போது கால் கொஞ்சம் கோணினாலும், பாறை போன்ற பனிக்கட்டியில் விழ வேண்டியதுதான்.

பார்ப்பவர்களுக்கு அது பறவை பறப்பது போல இருக்கும். ஆடுகிறவர்களின் உடலைப் பார்த்தால் காயம் இருக்கும்.

இந்தக் கலையைப் பழகப் பணம் வேண்டும். பூட்ஸுக்குப் பணம். உடைக்குப் பணம். பயிற்சிக்குப் பணம். பிள்ளையை விடிவதற்கு முன்பே எழுப்பி அழைத்துப் போக, வீட்டில் ஆள் வேண்டும்.

ஒக்சானாவுக்கு இரண்டும் இல்லாமல் போயின. அதுதான் அவள் கதை.

தகப்பனார் போய்விட்டார்

ஒக்சானா 1977-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி பிறந்தாள். ஊர், டினிப்ரோபெட்ரோவ்ஸ்க். டினீப்பர் என்ற பெரிய ஆற்றின் கரையில் உள்ள உக்ரேன் நாட்டு நகரம். 2016-ல் இதன் பெயரை 'டினிப்ரோ' என்று சுருக்கிவிட்டார்கள்.

அவள் பிறந்தபோது, உக்ரேன் சோவியத் நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த ஊரில் ராக்கெட் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அதனால் வெளிநாட்டார் அந்த ஊருக்குள் நுழையக்கூட அப்போது அனுமதி கிடையாது.

அவளுக்கு 2 வயது ஆனபோது, தாய்க்கும் தகப்பனாருக்கும் ஒத்துவரவில்லை. விவாகரத்து ஆயிற்று. தகப்பனார் போய்விட்டார்.

தாயின் பெயர் மரினா. பிரெஞ்சு மொழி ஆசிரியை. அவரும், அவரைப் பெற்ற பாட்டனார், பாட்டியும் சேர்ந்து குழந்தையை வளர்த்தார்கள்.

ஒக்சானாவை 'பாலே' நடனக்காரி ஆக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஆனால் அவள் அப்போது கொழு கொழு என்று இருந்தாள். பாலே நடனத்துக்கு உடல் மெலிந்து இருக்க வேண்டும். "பனிச்சறுக்கு பழகினால் உடல் இளைக்கும், பிறகு பாலேயில் சேர்க்கலாம்" என்று நினைத்துப் பெரியவர்கள் அவளைப் பனிமண்டபத்துக்கு அனுப்பினார்கள்.

போன குழந்தை திரும்பி வரவில்லை! மனதைப் பனித் தரையிலேயே விட்டுவிட்டாள். 7 வயதில் முதல் போட்டியில் ஜெயித்தாள். அதற்குப் பிறகு பாலேயைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

ஸ்தானிஸ்லாவ் கோரிடெக் என்ற ஆசிரியர் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் அவளுடைய ஆட்டம் மெருகு ஏறியது.

தாய் மறைந்தாள்

இந்த நேரத்தில் துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

பாட்டனார் இறந்தார். பாட்டியும் இறந்தார். வீட்டில் தாயும் மகளும் மட்டுமே மிஞ்சினார்கள்.

பிறகு தாய் நோயில் விழுந்தார். சினைப்பையில் புற்றுநோய். 1991-ம் ஆண்டு மரினா கண்ணை மூடினார்.

அப்போது ஒக்சானாவுக்கு 13 வயது.

தகப்பனார் உயிரோடுதான் இருந்தார். ஆனால் 2 வயதில் பிரிந்தவரை அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் அவளுக்கு ஓர் அன்னியர். ஆகவே பெற்றவர் ஒருவர் இருந்தும், அவள் அனாதையைப் போலத்தான் ஆனாள்.

வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. எங்கே போவாள்? அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பனிமண்டபம்! சில காலம் அங்கேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். சில நாள் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினாள்.

அதே ஆண்டில் அவளுடைய நாட்டிலும் பூகம்பம் போன்ற மாறுதல். சோவியத் நாடு சிதறியது. 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி உக்ரேன் தன்னைத் தனி நாடு என்று அறிவித்தது. டிசம்பர் மாதம் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று.

சுதந்திரம் வந்தது. ஆனால் கஜானாவில் பணம் இல்லை. விளையாட்டு வீரர்களுக்குச் சர்க்கார் கொடுத்து வந்த உதவி வற்றிப் போயிற்று. பனிமண்டபங்களைப் பராமரிக்கவும் வழி இல்லை. பயிற்சி ஆசிரியர்கள் பிழைப்பைத் தேடி வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார்கள்.

1992-ல் ஆசிரியர் கோரிடெக்குக்குக் கனடா நாட்டில் வேலை கிடைத்தது. அவரும் போய்விட்டார்.

தகப்பனார் இல்லை. பாட்டனார், பாட்டி இல்லை. தாய் இல்லை. இப்போது ஆசிரியரும் இல்லை.

14 வயதுப் பெண். கையில் ஒரு ஜோடி பூட்ஸ். அவ்வளவுதான்.

திறந்தது ஒரு கதவு

கருங்கடல் கரையில் ஒடெஸா என்று ஒரு துறைமுகப் பட்டினம். ஒக்சானாவின் ஊரில் இருந்து சாலை வழியே 400 கிலோ மீட்டருக்கு மேல்.

அங்கே கலினா ஸ்மியெவ்ஸ்கயா என்ற அம்மையார் இருந்தார். பனிச்சறுக்கு நடனத்தில் பேர் பெற்ற ஆசிரியை. அவருடைய மாணவர் விக்டர் பெட்ரென்கோ, 1992-ம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் ஆண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர். அதே ஆண்டு அந்த அம்மையாரின் மூத்த மகளை மணந்து, மருமகனும் ஆனார்.

திக்கற்று நின்ற ஒக்சானாவுக்காக, அவளுடைய பழைய பயிற்சி வட்டாரத்தினர் இந்த அம்மையாரிடம் பரிந்து பேசினார்கள்.

மாணவியாக ஏற்றுக்கொள்வது ஒன்று. வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது வேறு. அம்மையார் யோசித்திருக்கலாம். நாட்டில் ரொட்டிக்கே தட்டுப்பாடான காலம். சொந்தப் பிள்ளைகளை வளர்ப்பதே கஷ்டம். இன்னொரு வயிறா?

மருமகன் பெட்ரென்கோ, ஒக்சானாவுக்காகப் பேசினார். அவளுக்கு ஆகும் செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாக முன்வந்தார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். உடைக்குத் துணி வாங்கிக் கொடுத்தார்.

அம்மையாரின் வீட்டுக் கதவு திறந்தது. இளைய மகளின் அறையிலேயே ஒக்சானாவுக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பெண்களும் ஒரே அறையில் தூங்கினார்கள். ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள்.

பயிற்சியின்போது அம்மையார் கண்டிப்பான ஆசிரியை. பயிற்சி முடிந்தால் தாய்.

ஒக்சானா மீண்டும் சிரித்தாள்.

15 வயதில் உலகச் சாம்பியன்

ஒடெஸாவுக்கு வந்து ஓர் ஆண்டு கூட ஆகவில்லை. 1993-ம் ஆண்டு ஜனவரியில், பின்லாந்து நாட்டுத் தலைநகரில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. ஒக்சானா இரண்டாம் இடம் பெற்றாள்.

"யார் இந்தப் பெண்?" என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச்சு மாதம் பிராக் நகரில் உலகப் போட்டி. முதல் முறையாக அதில் கலந்துகொண்ட ஒக்சானா, எல்லோரையும் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனாள்! அப்போது அவளுக்கு 15 வயது.

நார்வே நாட்டைச் சேர்ந்த சோன்யா ஹெனி என்ற பெண், 1927-ல் 14 வயதில் உலகச் சாம்பியன் ஆனாள். அதற்குப் பிறகு, ஒக்சானா ஜெயிக்கும் வரை, இவ்வளவு சிறிய வயதில் அந்தப் பட்டத்தை யாரும் பெற்றதில்லை.

ஒரு வருடத்துக்கு முன்பு, அடுத்த வேளை எங்கே என்று தெரியாமல் இருந்தவள்!

மோதல்

1994 பிப்ரவரியில் நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி. உலகமே பெண்கள் நடனப் போட்டியை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் நான்சி கெரிகன் என்ற வீராங்கனையை, ஜனவரி 6-ந் தேதி டெட்ராயிட் நகரில் ஒரு முரடன் தடியால் முழங்காலுக்கு அருகே அடித்தான். போட்டியாளர் ஒருத்தியின் முன்னாள் கணவர் செய்த சதி அது. அடிபட்ட கெரிகன் ஏழே வாரத்தில் தேறி, நார்வேக்கு வந்துவிட்டாள். எல்லோருடைய அனுதாபமும் அவள் பக்கம்.

போட்டி இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி 23-ந் தேதி நடந்தது. கெரிகன் முதல் இடம். ஒக்சானா இரண்டாவது இடம்.

மறுநாள் பயிற்சி. பல பெண்கள் ஒரே நேரத்தில் பனித் தரையில் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். ஒக்சானாவும் ஜெர்மனி நாட்டுப் பெண் தான்யா செவ்சென்கோவும் வேகமாக வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

படார்! இருவரும் மோதி விழுந்தார்கள்.

ஒக்சானாவின் வலது காலைக் கத்தி கிழித்துவிட்டது. முதுகும் பிடித்துக்கொண்டது. டாக்டர் மூன்று தையல் போட்டார்.

"ஒக்சானா ஆடுவாளா, மாட்டாளா?" இதுதான் அன்று எல்லோருடைய கேள்வி.

மறுநாள் காலையிலும் வலி குறையவில்லை. ஒலிம்பிக் விதிகள் அனுமதிக்கும் வலி ஊசிகளை டாக்டர்கள் போட்டார்கள். ஒக்சானா பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

நூல் இழையில் வெற்றி

முதலில் கெரிகன் ஆடினாள். பிசகு சொல்ல முடியாத ஆட்டம். கைதட்டல் ஓயவே இல்லை.

பிறகு ஒக்சானா வந்தாள்.

அவள் செய்த துள்ளல்கள் கெரிகன் செய்தவற்றைப் போல அவ்வளவு கச்சிதமாக இல்லை. சில இடங்களில் கால் தடுமாறியது. ஆனால் அவள் கை விரல் நுனியில் இருந்து கண் இமை வரை எல்லாம் ஆடின. அவள் சிரித்தால் கூட்டம் சிரித்தது.

கடைசிச் சில நொடிகள் இருந்தன. திட்டப்படி ஆட்டத்தை அழகாக முடித்திருக்கலாம். ஆனால் கடினமான துள்ளல் ஒன்று விட்டுப் போயிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தையல் போட்ட காலோடு மறுபடியும் எழும்பினாள். மூன்று சுற்றுத் துள்ளல் ஒன்று! உடனே இன்னும் இரண்டு துள்ளல்கள், அடுத்தடுத்து! இசை நின்றது.

ஆட்டம் முடிந்ததும் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். வலியால் அழுதாளா, தாயை நினைத்து அழுதாளா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நடுவர்கள் 9 பேர். 4 பேர் கெரிகனே சிறந்தவள் என்றார்கள். 4 பேர் ஒக்சானா என்றார்கள்.

மீதி ஒருவர்? அவர் போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்தால், இருவருக்கும் சமம்! அப்படிச் சமமாக வந்தால், கலை அழகுக்குக் கொடுத்த மார்க்கைப் பார்க்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதில் ஒக்சானாவுக்குப் பத்தில் ஒரு பங்கு மார்க்கு அதிகம்.

அந்தப் பத்தில் ஒரு பங்கில், தங்கப் பதக்கம் ஒக்சானாவுக்குக் கிடைத்தது!

இந்த முடிவு சரியா, தவறா என்று அப்போதே வாதாடினார்கள். இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதக்கம் வழங்கும் நேரம் வந்தது. ஆனால் விழா தாமதம் ஆயிற்று. உக்ரேன் நாட்டின் தேசிய கீதத்தை இசைக்க வேண்டும். அந்த இசைத்தட்டு உடனே அகப்படவில்லை! தனி நாடான பிறகு உக்ரேனுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

புதிதாகப் பிறந்த நாடு. தாயை இழந்த பெண். இருவருக்கும் ஒரே பதக்கம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெட்ரென்கோவும் அதே ஒலிம்பிக்கில் ஆடினார். அவருக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது. பதக்கம் இல்லை. ஆனால் அவர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த பெண், பதக்கத்தோடு திரும்பினாள்.

புகழ் வந்த பிறகு

சினிமாவாக இருந்தால், கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் வாழ்க்கை அப்படி முடிவது இல்லை.

ஒக்சானா அமெரிக்காவுக்குச் சென்றாள். ஸ்மியெவ்ஸ்கயா அம்மையாரும் பெட்ரென்கோவும் அங்கே குடியேறினார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் எல்லோரும் தங்கினார்கள். ஒக்சானா ஊர் ஊராகக் காட்சிகளில் ஆடினாள். லட்சக் கணக்கான டாலர் சம்பாதித்தாள்.

நேற்று வரை ஒரு கட்டில் மட்டும் சொந்தமாக இருந்தவளுக்கு, இன்று பங்களா. கார். சுற்றிலும் கூட்டம்.

ஆனால் 13 வயதில் பட்ட காயத்துக்கு யாரும் மருந்து போடவில்லை. ஓடிக்கொண்டே இருந்தவரை அது தெரியவில்லை. நின்றபோது வலித்தது. அவள் மதுவைத் தொட்டாள்.

1997-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் இரவு, அவள் ஓட்டிய கார் சாலையை விட்டுப் பாய்ந்து மரங்களில் மோதியது. தலையில் காயம். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகப் போலீசார் வழக்குத் தொடுத்தார்கள். அப்போது அவளுக்கு வயது 19.

"ஒலிம்பிக் ராணியா இப்படி?" என்று பத்திரிகைகள் எழுதின. மூன்று ஆண்டுக்கு முன்பு புகழ்ந்த அதே பத்திரிகைகள்தான்.

1998-ல் ஒக்சானா ஒரு முடிவுக்கு வந்தாள். குடியை மறப்பதற்காகச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தாள். மாதக் கணக்கில் அங்கே தங்கினாள். குடியை விட்டாள். மீண்டும் பனித் தரைக்கு வந்தாள்.

தான் குடிக்கு அடிமையாக இருந்ததைப் பிற்காலத்தில் அவள் மறைக்கவில்லை. வெளிப்படையாகவே சொன்னாள்.

2003-ம் ஆண்டு தகப்பனாரையும் சந்தித்தாள். 2 வயதில் பிரிந்தவரை, 25 வயதில் கண்டாள். பின்னர் ஒக்சானாவே ஒரு பெண் குழந்தைக்குத் தாயும் ஆனாள்.

எது பெரிய வெற்றி?

ஹமார் மண்டபத்தில் கிடைத்த வெற்றியை உலகமே பார்த்தது. சிகிச்சை நிலையத்தில் கிடைத்த வெற்றியை யாரும் பார்க்கவில்லை. அங்கே கைதட்டல் கிடையாது. நடுவரும் கிடையாது. ஆனால் உயிரைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது வெற்றிதான்.

திறமை ஒக்சானாவுடையது. உழைப்பும் அவளுடையதே. அதை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமை பசியோடு படுக்காமல் பார்த்துக்கொண்டது, வேறு சிலர்.

ஒடெஸாவில் ஒரு வீடு. அதில் ஒரு சிறு அறை. சொந்த மகளுக்கே இடம் போதாத அந்த அறையில், ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கும் படுக்கை விரித்தார்கள்.

உக்ரேன் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம், அந்தப் படுக்கையில்தான் உறங்கிக்கொண்டு இருந்தது!